செயற்கை மூட்டின் வடிவமும் தானியங்கி அசைவு அளவீடும்: எந்த எண்ணை நம்பலாம்? – முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ரேயிலிருந்து செயற்கை மூட்டின் அசைவைத் தானாகக் கணக்கிடும் மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "துல்லியம் எவ்வளவு?" என்பதைத்தான். இதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. துல்லியம் மென்பொருளுக்கு மட்டும் சொந்தமான குணம் இல்லை. எந்த வடிவத்தை, எந்தக் கோணத்திலிருந்து, எந்த அச்சில் அளக்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதே மென்பொருள், அதே எக்ஸ்ரே கருவி, அதே ஆய்வாளர் என்றாலும், முழங்காலின் ஃபெமோரல் பாகத்தில் (தொடை எலும்பின் முனையில் பொருத்துவது) அழகாக வரும் சுழற்சி அளவு, உருண்டையான இடுப்பு ஸ்டெம்மின் (தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு) நீள அச்சில் கையை விரித்துவிடும்.

ஆர்த்தோ ஆய்வில் இறங்கும் மருத்துவ மாணவர்கள், பயோமெக்கானிக்ஸ் பொறியாளர்கள், இந்த மாதிரி ஆய்வறிக்கைகளைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பள்ளிக்கூட அளவுதான்.

மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது?

இந்தத் துறையின் அடித்தளம் 1974இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் யோரான் செல்விக் உருவாக்கிய ஆர்எஸ்ஏ (ரேடியோஸ்டீரியோமெட்ரிக் அனாலிசிஸ்) முறை. ஒரு மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள டான்டலம் உலோக மணிகளை எலும்புக்குள்ளும் இம்ப்ளாண்டிலும் (உடலில் பொருத்திய செயற்கை மூட்டுப் பாகம்) பதித்து, ஒரே நேரத்தில் இரண்டு எக்ஸ்ரே எடுத்து, மணிகளின் முப்பரிமாண இடத்தைக் கணக்கிடுவார்கள். மணிக்கு வடிவப் பிரச்சினை கிடையாது, அது வெறும் புள்ளி. ஆனால் இம்ப்ளாண்டில் மணி பதிக்கத் தயாரிப்பாளர் ஒத்துழைக்க வேண்டும், செலவு கூடும், பதித்த மணியை உலோகமே படத்தில் மறைத்துவிடவும் செய்யும். அதனால்தான் மணியை விட்டுவிட்டு இம்ப்ளாண்டின் வடிவத்தையே அடையாளமாகப் பயன்படுத்தும் மாடல் அடிப்படையிலான முறைகள் வந்தன.

இவற்றில் கணினியிடம் இம்ப்ளாண்டின் முப்பரிமாண மாடல் இருக்கும். அதை ஒரு நிலையில் வைத்து, எக்ஸ்ரே குழாய் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி நிழல் விழும் என்று கணக்கிட்டு, அந்த நிழலின் ஓரக்கோட்டை உண்மையான படத்தில் கண்டெடுத்த ஓரக்கோட்டோடு ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் மாடலைச் சற்று நகர்த்தும், திருப்பும், மறுபடி ஒப்பிடும். மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு எண்கள் நிலைக்கும் வரை இது ஓடும். நடக்கும்போதும் குனியும்போதும் எடுக்கும் ஃப்ளூரோஸ்கோபி (தொடர் எக்ஸ்ரே) வீடியோவில் இதையே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செய்வார்கள்.

ஆக, கணினிக்குக் கிடைப்பது ஓரக்கோடு மட்டுமே. இம்ப்ளாண்ட் திரும்பியும் ஓரக்கோடு மாறவில்லை என்றால், திரும்பியதே அதற்குத் தெரியாது. மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது.

படி 1: எவ்வளவு சின்ன விஷயத்தை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டாமல் மெல்ல நகர்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, முழங்கால் மடங்கும்போது இரண்டு பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்று எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பது வேறு வேலை. முதலாவதில் பேச்சே மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குகளில்தான் நடக்கும். முழங்காலின் டிபியல் பாகம் (கீழ்க்கால் எலும்பின்மேல் பொருத்துவது) முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே 0.2 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அதைத் தொடர் நகர்வாக எண்ணிக் கவலைப்படுவது வழக்கம். இரண்டாவதில் ஒரு டிகிரி, ஒரு மில்லிமீட்டர் பிழை இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கோண ஃப்ளூரோஸ்கோபியை வைத்து முதல் வேலையைச் செய்ய நினைப்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: வடிவத்தை வகைப்படுத்துங்கள்

கையில் இருக்கும் இம்ப்ளாண்ட் எதை மறைக்கும் என்பதை அதன் சமச்சீரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முழுக் கோளம் என்றால் சுழற்சி பற்றிய தகவல் பூஜ்யம். இடுப்பு மூட்டின் தலை அப்படித்தான், அதன் மையம் எங்கே என்பது மட்டும் மிக நன்றாகத் தெரியும். மூட்டிலுள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கின் தேய்மானத்தை அளக்க அது போதும், தலையின் மையம் அது உட்காரும் கப்பின் மையத்தைவிட்டு எவ்வளவு விலகியது என்பதுதானே கேள்வி. 1976இல் அறிமுகமான ஆக்ஸ்ஃபோர்ட் பாதி முழங்கால் மூட்டின் ஃபெமோரல் பாகமும் கோளத்தின் ஒரு துண்டுதான். அது எத்தனை டிகிரி திரும்பியது என்பதை அந்த வளைந்த மேற்பரப்பு சொல்லாது. அதன் விளிம்புகளும் எலும்புக்குள் செல்லும் குச்சியும்தான் சொல்ல வேண்டும்.

ஓர் அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருப்பவை அடுத்த வகை: அரைக்கோளக் கப், வட்டக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெம். இவற்றில் அந்த ஓர் அச்சின் சுழற்சி மட்டும் காணாமல் போகும். கப்பில் திருகுத் துளைகளோ துடுப்புகளோ இருந்தால் கொஞ்சம் மீட்கலாம். ஸ்டெம்மில் செவ்வகக் குறுக்குவெட்டு இருந்தால் நிலைமை பரவாயில்லை. உருண்டை ஸ்டெம் என்றால் கழுத்தும் தலையும்தான் கதி: தலையின் மையம் ஸ்டெம்மின் அச்சிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் அதுவே திசைகாட்டும் முள் போல வேலை செய்யும். ஆனால் தலை தனியாகப் பொருத்தப்படும் பாகம். கழுத்தின் கூம்பு முனையில் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆகவே தலையையும் ஸ்டெம்மையும் ஒரே திடப்பொருளாக மாடலில் ஒட்டிவைக்காமல் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் வாய் வட்டம், படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். குறுக்கச்சை நெடுக்கச்சால் வகுத்தால் முன்சாய்வுக் கோணத்தின் சைன் கிடைக்கும். 52 மி.மீ. நீளமும் 13.5 மி.மீ. அகலமும் என்றால் விகிதம் 0.26, கோணம் சுமார் 15 டிகிரி. சரி, முன்னால் 15 டிகிரியா, பின்னால் 15 டிகிரியா? நேர்முகப் படம் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஏறக்குறைய அதே நீள்வட்டம்தான். பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும்.

மூன்றாவது வகை இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் கண்ணாடிச் சமச்சீர். பல டிபியல் ட்ரேக்கள் (டிபியல் பாகத்தின் தட்டுகள்) இந்த ரகம். ஆபத்து அதிகம் இங்கேதான், அதனால் தனிப் படியாகவே பார்ப்போம்.

படி 3: சமச்சீர்ப் பொறியைப் புரிந்துகொள்ளுங்கள்

விளக்குக்கு முன்னால் கையை விரித்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். வலது கையின் உள்ளங்கை சுவரைப் பார்க்கிறதா, இடது கையின் புறங்கை சுவரைப் பார்க்கிறதா என்று நிழலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இது வலது கைதான் என்று முன்கூட்டியே தெரிந்தால் குழப்பம் தீர்ந்தது. சமச்சீரற்ற ஃபெமோரல் பாகத்துக்கு அந்த வசதி உண்டு, இடது முழங்காலுக்கான மாடலும் வலது முழங்காலுக்கான மாடலும் வேறு வேறு. சமச்சீரான ட்ரேக்கு அந்த பேதமே இல்லை. எனவே ஆழத்தைத் தலைகீழாக்கிய நிலையும் அசல் நிலையைப் போலவே செல்லுபடியாகும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிழலைத் தரும்.

அந்தப் போலி நிலை அசலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் என்பதைச் சுலபமாகக் கணக்கிடலாம். ட்ரேயின் சமச்சீர்த் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு, எக்ஸ்ரே குழாயிலிருந்து ட்ரேக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையிலான கோணம் 4 டிகிரி என்றால் போலி நிலை 8 டிகிரி தள்ளி நிற்கும். எப்போதும் இரட்டிப்பு. கோணம் 15 என்றால் போலி நிலை 30 டிகிரி தள்ளி இருக்கும். அப்படி ஒரு முழங்கால் இருக்கவே முடியாது என்று பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். 3, 4 டிகிரிதான் விஷம். அசலும் போலியும் மருத்துவரீதியாக நம்பக்கூடியவையாகவே இருக்கும், மென்பொருள் ஒரு ஃபிரேமில் இதையும் அடுத்த ஃபிரேமில் அதையும் பிடித்துக்கொண்டு தாவும். வரைபடத்தில் சுழற்சிக் கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் குதித்தால், நோயாளியின் காலில் ஏதோ நடுக்கம் என்று முடிவுகட்டும் முன் இதைச் சந்தேகியுங்கள். இதைவிட மோசம், குதிக்காமல் தவறான பக்கத்திலேயே வழுவழுப்பாக ஓடும் கோடு.

அப்படியானால் கோணத்தைப் பூஜ்யமாக வைத்து, மிகச் சரியான பக்கவாட்டுப் படமாக எடுத்துவிட்டால்? அசலும் போலியும் ஒன்றாகிவிடும், உண்மைதான். ஆனால் அங்கே வேறு தொல்லை. கூட்டல் 1 டிகிரிக்கும் கழித்தல் 1 டிகிரிக்கும் ஒரே நிழல் என்றால், பூஜ்யத்தைச் சுற்றி நிழல் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று அர்த்தம். அதாவது கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தக் கச்சிதமான பக்கவாட்டுப் படத்தில்தான் படத்தளத்துக்கு வெளியேயான சுழற்சிகளுக்கான உணர்திறன் மிகக் குறைவு. ரேடியாலஜி அறையில் இதைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள், கச்சிதமான பக்கவாட்டுப் படம் எடுப்பதற்குத்தானே அவர்களுக்குப் பயிற்சியே.

தீர்வுகள் மூன்று. முடிந்தால் இரண்டு கோணத்தில் ஒரே நேரத்தில் படம் எடுங்கள், பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீரும். ஒரே கோணம்தான் என்றால், வேண்டுமென்றே 10, 15 டிகிரி சாய்த்து எடுக்க முடியுமா பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு தீர்வுகளையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஃபெமோரல் பாகத்தோடு ஒப்பிட்டும் முன்பின் ஃபிரேம்களைப் பார்த்தும் தேர்ந்தெடுங்கள். எந்த ஃபிரேம்களில் தேர்வு உறுதியாக இல்லையோ அவற்றை அறிக்கையில் குறிப்பிட்டுவிடுங்கள்.

படி 4: நோயாளியைத் தொடும் முன் கணினியில் ஓட்டிப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே பாதிச் சிக்கல் முன்கூட்டியே தெரிந்துவிடும், ஏனோ இதைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள். மாடலை ஒரு நிலையில் வைத்து நிழலை உருவாக்குங்கள். ஆறு திசைகளிலும் ஒவ்வொன்றாக 1 மி.மீ. அல்லது 1 டிகிரி நகர்த்தி, ஓரக்கோடு எத்தனை பிக்சல் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குழாயிலிருந்து படம் பதியும் டிடெக்டருக்கு 1000 மி.மீ., இம்ப்ளாண்டுக்கு 800 மி.மீ., ட்ரேயின் அகலம் 70 மி.மீ., பிக்சல் 0.3 மி.மீ. உருப்பெருக்கம் 1.25 என்பதால் நேர்முகப் படத்தில் ட்ரே 87.5 மி.மீ. அகலம் தெரியும். படத்தளத்துக்குள் 1 மி.மீ. நகர்ந்தால் ஓரக்கோடு 1.25 மி.மீ., அதாவது நாலு பிக்சலுக்கு மேல் நகரும். அதே 1 மி.மீ. ஆழத்தில் நகர்ந்தால்? அகலம் 87.39 ஆகும். மொத்த மாற்றமே 0.11 மி.மீ., ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஒரே ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சுழற்சியும் இப்படித்தான். அதே ட்ரே படத்தளத்துக்குள் 3 டிகிரி சாய்ந்தால் அதன் முனை சுமார் 1.8 மி.மீ. நகரும். தளத்துக்கு வெளியே நீள அச்சைச் சுற்றி 3 டிகிரி திரும்பினால் அகலம் 0.1 மி.மீ. அளவுக்குத்தான் குறுகும். வெறும் தட்டு என்றால் அவ்வளவுதான் தகவல். கீழே எலும்புக்குள் இறங்கும் ஒரு கீல் (keel), பக்கவாட்டில் துடுப்புகள், சமச்சீரற்ற ஒரு விளிம்பு என்று ஏதாவது படத்தளத்திலிருந்து முன்னும் பின்னும் துருத்திக்கொண்டிருந்தால்தான் அந்தச் சுழற்சி பிடிபடும்.

ஆறு திசைகளுக்கும் கிடைத்த எண்களை அடுக்கிப் பாருங்கள். மிகச் சின்ன எண் உள்ள திசைதான் உங்கள் ஆய்வின் முக்கியக் கேள்வி என்றால், ஆய்வுத் திட்டத்தை மாற்றுங்கள். மென்பொருளை மாற்றிப் பயனில்லை.

படி 5: மாடல் உண்மையான பாகத்தோடு ஒத்துப்போகிறதா?

தயாரிப்பாளர் தரும் வடிவமைப்புக் கோப்பும் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் பாகமும் அச்சு அசலாக ஒன்றல்ல. வார்த்து, தேய்த்து, பாலிஷ் போட்டு வரும்போது சிறு வேறுபாடு வரும். நுண்துளைப் பூச்சு உள்ள பாகங்களில் அந்தப் பூச்சின் தடிமன் கோப்பில் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். நகர்வு ஆய்வு என்றால் உண்மையான பாகத்தை லேசர் ஸ்கேன் செய்து பெற்ற மாடல் பெரும்பாலும் நல்லது. ஒவ்வொரு அளவுக்கும் தனி மாடல் வேண்டும், ஒரு அளவை மென்பொருளில் பெரிதாக்கிச் சமாளிக்கக் கூடாது: ட்ரே பெரிதாகும் விகிதத்தில் கீல் பெரிதாவதில்லை.

படி 6: படத்தில் ஓரக்கோடு எங்கே உடைகிறது?

கோபால்ட் குரோம் அடர்த்தியானது, ஓரம் கூர்மையாக விழும். டைட்டானியத்தின் அடர்த்தி அதில் கிட்டத்தட்ட பாதி, மெல்லிய விளிம்புகள் மங்கும். பாலிஎத்திலீன் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, ட்ரேயின்மேல் அசையும் பாலிஎத்திலீன் செருகலின் சுழற்சியை அளக்க வேண்டுமென்றால் அதில் டான்டலம் மணி வைத்தே ஆக வேண்டும். இம்ப்ளாண்டை எலும்பில் நிறுத்தும் போன் சிமென்ட்டில் பேரியம் சல்ஃபேட்டோ ஜிர்கோனியாவோ கலந்திருப்பதால் கீலைச் சுற்றி அதுவும் வெள்ளையாகத் தெரிந்து, தானியங்கி ஓரம் கண்டுபிடிப்பானை ஏமாற்றும். சுழற்சித் தகவலைத் தாங்கி நிற்பதே கீல்தான், சிமென்ட் போய் மூடுவதும் அதே கீலைத்தான்!

கதிர் அளவைக் கூட்டிப் படம் எரிந்துபோனால் ஓரம் உள்ளே சுருங்கும். படி 4இன் கணக்கை நினைவில் வையுங்கள்: மொத்த அகலத்தில் 0.11 மி.மீ. சுருங்கினாலே ஆழத்தில் 1 மி.மீ. பிழை. வீடியோவில் வேகமும் சேரும். பாகம் நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் போகும்போது கதிர்த் துடிப்பு 10 மில்லிநொடி நீடித்தால் ஓரம் 2 மி.மீ. இழுபடும், 1 மில்லிநொடி என்றால் 0.2 மி.மீ.

தானாகக் கிடைத்த ஓரக்கோட்டை அப்படியே ஏற்காமல், மறைந்த பகுதிகளை நீக்குங்கள். ஆனால் எந்தப் பகுதியை நீக்குகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. நீண்ட, மென்மையான வளைவை நீக்கினால் பெரிய நஷ்டமில்லை, ஒரு மூலையை நீக்கினால் ஒரு சுழற்சியே போய்விடலாம். நீக்கிய பிறகு படி 4ஐ மீதமுள்ள ஓரக்கோட்டோடு மறுபடி ஓட்டுங்கள்.

செயற்கை நரம்பு வலைகளைப் (கணினி நிரல்கள்) பயிற்றுவித்து ஓரத்தைக் கண்டுபிடிக்கும் முறைகள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன, பயிற்சியில் பார்த்த வடிவங்களுக்கு. ஓரம் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் நிலையையும் வலையே நேரடியாகச் சொல்கிறது என்றால்தான் எனக்கு உறுத்தல். நிழலில் இல்லாத தகவலை அது எங்கிருந்து எடுக்கிறது? பயிற்சியில் பார்த்த சராசரி முழங்காலிலிருந்துதான். சராசரியிலிருந்து விலகும் நோயாளியைக் கண்டுபிடிப்பதே நோக்கம் என்றால் இது வினையாகிவிடும்.

படி 7: அளவீட்டின் பிழையையே அளங்கள்

ஒரே நோயாளியைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, இரண்டுக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தது என்று மென்பொருளிடம் கேளுங்கள். உண்மையான விடை பூஜ்யம். வரும் எண்களின் சிதறல்தான் உங்கள் துல்லியம். ஆர்எஸ்ஏ ஆய்வுகளுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 16087, 2013இல் வெளியானது, அதைப் பின்பற்றுபவர்கள் இதைச் செய்வார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: இரண்டாவது படத்துக்கு நோயாளியை எழுப்பி, மறுபடி படுக்கவைத்து, சற்று வேறு கோணத்தில் எடுங்கள். அசையாமல் அப்படியே எடுத்தால் வடிவத்தால் வரும் பிழை இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து, கழிக்கும்போது காணாமல் போய், துல்லியம் பிரமாதமாகத் தெரியும்.

ஆறு திசைகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள், சராசரி எடுத்து ஒற்றை எண்ணாக்க வேண்டாம்.

படி 8: வடிவம் அளவுகோலுக்குள்ளும் நுழையும்

நிலையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதை எந்த எண்ணாக மாற்றுகிறோம் என்பதிலும் வடிவம் விளையாடும்.

இம்ப்ளாண்டின் எந்தப் புள்ளி அதிகம் நகர்ந்ததோ அதன் தூரத்தைச் சொல்லும் அளவு டிபியல் பாகங்களுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஓராண்டில் குழுவின் சராசரி 0.5 மி.மீ.க்குள் இருந்தால் ஏற்கத்தக்கது, 1.6க்கு மேல் போனால் ஏற்க முடியாதது, இடைப்பட்டது ஆபத்து வரம்பு. இப்போது ஒரு பெரிய ட்ரே, நடுவிலிருந்து ஓரத்துக்கு 35 மி.மீ. இன்னொன்று சின்னது, 28 மி.மீ. இரண்டும் சரியாக 1 டிகிரி சாய்கின்றன. பெரியதன் ஓரம் 0.61 மி.மீ. நகரும், சின்னது 0.49. ஒரே சாய்வு, ஆனால் ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம்! இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே இடங்களில் கற்பனைப் புள்ளிகளை வைத்து அளப்பதே நியாயம்.

மடக்க அச்சை எங்கே வைக்கிறோம் என்பதும் இப்படித்தான். 1983இல் குரூட், சன்டே என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த முழங்கால் ஆய அச்சு முறையையே இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அச்சு இம்ப்ளாண்டின் வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டால் அந்த வடிவத்தின் சாய்வும் கூடவே வரும். மடக்க அச்சு காலின் நீள அச்சைச் சுற்றி 3 டிகிரி பிசகியிருந்தால், சுத்தமாக 90 டிகிரி மடங்கும் கால் கிட்டத்தட்ட 3 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்ததாகக் கணக்கு காட்டும்.

ஃபெமோரல் பாகம் முன்னால் போனதா பின்னால் போனதா என்பதில்தான் சண்டை அதிகம். பக்கவாட்டு வளைவு ஒரே ஆரமாக இருந்தால், அதன் அடிப்புள்ளியைப் பின்தொடர்ந்தாலும் வட்ட மையத்தைப் பின்தொடர்ந்தாலும் ஒரே கதைதான். பல ஆரங்கள் கொண்ட வளைவில் அப்படியில்லை. தொடக்க மடக்கத்தில் அடிப்புள்ளி பெரிய வட்டத்தின் மையத்துக்குக் கீழே இருக்கும், பிறகு பின்புறச் சிறிய வட்டத்தின் மையத்துக்குக் கீழே வந்துவிடும். அதே அசைவை அடிப்புள்ளியை வைத்துச் சொன்னால் ஒரு மாதிரி, பின்புற மையத்தை வைத்துச் சொன்னால் வேறு மாதிரி. இரண்டையும் எழுதிவிட்டால் படிப்பவர் தாமே பார்த்துக்கொள்வார்.

படி 9: இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது

'அ' மாடல் 'ஆ' மாடலைவிட 2 டிகிரி அதிகம் சுழல்கிறது என்று முடிவு வந்தால், கட்டுரை எழுத உட்காரும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியில் இரண்டு வடிவங்களுக்கும் முற்றிலும் ஒரே அசைவைக் கொடுங்கள். அந்த அசைவிலிருந்து நிழல்களை உருவாக்கி, உங்கள் ஆய்வில் இருந்த அளவுக்கு இரைச்சலும் மங்கலும் சேர்த்து, உண்மையான படங்களுக்கு ஓட்டிய அதே வழியில் ஓட்டுங்கள். ஓரத்தில் நீக்கிய பகுதிகளைக்கூட அப்படியே நீக்குங்கள். அசைவு ஒன்றே என்பதால் முடிவில் வித்தியாசம் வரக்கூடாது. 1.5 டிகிரி வித்தியாசம் வந்தால், நோயாளிகளிடம் கண்ட 2 டிகிரியில் பெரும்பகுதி இம்ப்ளாண்டின் நிழலிலிருந்து வந்திருக்கலாம். அந்த 1.5ஐயும் முடிவுகள் அட்டவணையில், 2க்குப் பக்கத்திலேயே ஒரு நெடுவரிசையாகப் போட்டுவிடுங்கள்.